தும்பைமேடு என்றொரு ஊர் இல்லை

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் ஒரு பொய். பொய்யை எழுதியவள் திலகவதி. வயது நாற்பத்தாறு. மந்தாரக்குப்பத்தில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சர். கணவர் சங்கரலிங்கம் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் பெர்மனென்ட் ஆபரேட்டர், சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருபது வருஷமாகக் குடியிருப்பு. இப்போது இந்தக் கதையை எழுதிக்கொண்டிருப்பவளும் அதே திலகவதிதான்.

முதலில் 'நான்' என்று போட்டுத்தான் எழுத ஆரம்பித்தாள். ஒரு பக்கம் முடித்துப் படித்துப் பார்த்தால் வரிக்கு வரி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. மன்னிப்புக் கேட்கிறவன் பாதி விஷயத்தை விழுங்கிவிடுவான் என்பது இருபது வருஷமாகப் பிள்ளைகளின் லீவ் லெட்டர் படிக்கிறவளுக்குத் தெரியாதா? கிழித்துப் போட்டாள். 'அவள்' என்று எழுதினால் கொஞ்சம் தள்ளி நிறுத்தி வைத்துப் பார்க்க முடிகிறது.

தொடக்கம் மூன்று முறை மாறியது.

"கடலூர்த் துறைமுகத்தில் அன்று காற்று" — வேண்டாம். காற்றில் தொடங்கும் கட்டுரைகளை அவளே வகுப்பில் கேலி செய்திருக்கிறாள்.

"பர்மாவிலிருந்து ஒருவர் என்னைத் தேடி" — மறுபடியும் 'என்னை'.

"தும்பைமேடு என்றொரு ஊர் இல்லை." இது நின்றது. ஆனால் இதை மட்டும் சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது. ஆகவே பழைய கதையிலிருந்து வரவேண்டியிருக்கிறது.

2

இரண்டு வருஷத்துக்கு முன் திலகவதி ஒரு சிறுபத்திரிகையில் கதை எழுதினாள். பழைய அரசாங்க அறிக்கை ஒன்றின் நகல் அவள் கைக்கு வந்திருந்தது. அதைப் படித்ததிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நூற்று நாற்பது, நூற்று ஐம்பது வருஷத்துக்கு முந்தைய சங்கதி. பர்மாவை வெள்ளைக்காரன் பிடித்தாகிவிட்டது. ஆற்றுமுகத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் நிலம் கிடக்கிறது, உழுவதற்கு ஆள் இல்லை. உழாத நிலம் வரி தராது. கடலுக்கு இந்தப் பக்கம் தென்னாற்காட்டில் ஆள் இருக்கிறது, நிலம் இல்லை. அங்கே இருப்பதையும் இங்கே இருப்பதையும் ஒரு கப்பலில் ஏற்றிச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது என்று எவனோ ஒரு துரை மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்தான். கங்காணிகள் ஊர் ஊராகத் தப்படித்தார்கள். கப்பல் கூலி அரசாங்கத்துடையது, குடும்பத்துக்குப் பன்னிரண்டு ஏக்கர், சில வருஷத்துக்குத் தீர்வை கிடையாது, உழவு மாடும் விதையும் முன்பணமாக.

ஒரு நிபந்தனை. கூலிகள் வேண்டாம், குடும்பங்கள்தான் வேண்டும். கூலி அறுப்புக்கு வந்து அறுத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவான். பெண்டாட்டியோடு வருகிறவன்தான் அங்கேயே வேர் விடுவான் என்பது துரையின் கணக்கு. அதனால் பெண்டாட்டி இல்லாதவனுக்குக் கப்பலில் இடம் இல்லை.

அறிக்கையில் ஒரு வரி: ஜோடிகளில் சிலர் உண்மையான தம்பதிகள் அல்ல என்று சந்தேகிக்க இடமிருக்கிறது.*

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு திலகவதி கதை கட்டினாள். நல்லசாமி என்று ஒருத்தன். அவன் மனைவி பாப்பா. பதிவேட்டில் இருவர் பேரும் ஏறிவிட்டது. கப்பலுக்குக் காத்திருப்பவர்களை அடைத்து வைக்கும் துறைமுகத்துக் கொட்டடி வாசலில் வைத்துப் பாப்பா, "நான் வரல, நீ போ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டாள். நல்லசாமி முழித்துக்கொண்டு நிற்கிறான். கப்பலுக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டின் ஆள், எந்தத் துணையும் இல்லாமல் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைக் கைகாட்டினான். குமாஸ்தா எழுதியதை அடிக்கவில்லை. அந்தப் பெண் பாப்பா ஆனாள். கப்பல் ஏறினாள். அங்கேயே பிள்ளை பெற்றாள், அங்கேயே செத்தாள், பாப்பாவாகவே.

நல்லசாமிக்கு ஊர் வேண்டுமே. தும்பைமேடு என்று ஒரு பேரை உண்டாக்கினாள். விருத்தாசலம் தாலுகா என்றாள். யாராவது தேடினால்? அதற்கும் வழி கண்டுபிடித்தாள். அந்த ஊர் பிற்பாடு சுரங்கத்துக்குள் போய்விட்டது என்று ஒரு வரி சேர்த்தாள். எழுதி முடித்ததும் தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்குக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது.

(*அறிக்கையில் இருந்தது இவ்வளவுதான். கொட்டடி, குமாஸ்தா, திரும்பிப் பார்க்காத பாப்பா எல்லாம் அவள் கை வேலை. இதை இப்போதே சொல்லிவைப்பது நல்லது.)

3

போன வருஷம் அவள் போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. தெரியாத எண். தமிழ்தான், ஆனால் கொஞ்சம் பழைய தமிழ். இடையிடையே வார்த்தை தேடி நிற்கும் தமிழ்.

"தங்கச்சி, வணக்கம். என் பேரு கோபாலகிருஷ்ணன். பர்மாவுல மோல்மேன் பக்கம் ஒரு கிராமம். நாப்பது வீடு தமிழங்க, எல்லாம் நெல்லு வெவசாயம். உங்க கதைய கம்ப்யூட்டர்ல பாத்து எங்க தங்கச்சி மக புவனா கோயில்ல வச்சிப் படிச்சா. எல்லாரும் அழுதுட்டோம். எங்க பெரிய பாட்டன் பேரு நல்லசாமி. சவுத் ஆர்க்காடுன்னு மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். ஊர் பேர நீங்கதான் கண்டுபிடிச்சிக் கொடுத்தீங்க. ரொம்ப நன்றி."

திலகவதி பதில் எழுத உட்கார்ந்தாள். 'ஐயா, அது கற்பனைக்' என்று தட்டிவிட்டு நிறுத்தினாள். நாற்பது வீடு அழுதிருக்கிறது. அழித்துவிட்டு, 'மிக்க மகிழ்ச்சி ஐயா' என்று அனுப்பினாள்.

பெரிய பொய்யைக் கதையில் எழுதினாள் என்றால், சின்னப் பொய்யை இங்கே எழுதினாள். சின்னதுதான் அவளை உறுத்துகிறது.

மூன்று மாதம் கழித்து ஒரு படம் வந்தது. மாரியம்மன் கோயில் வாசலில் புதுக் கருங்கல். மேலே பர்மிய எழுத்து, கீழே தமிழ்: 'தும்பைமேடு நல்லசாமி – பாப்பா வம்சத்தார் உபயம்.'

சங்கரலிங்கம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "எழுத்து நல்லாத்தாம்ல வெட்டிருக்கான்" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனைக் கீழே வைத்தார்.

4

இந்த மே மாதம் கோபாலகிருஷ்ணன் நேரிலேயே வந்துவிட்டார். சென்னையில் கண் ஆபரேஷன் முடித்துக்கொண்டு, ஒரு நாள் பயணமாக நெய்வேலிக்குப் பஸ் ஏறினார். அன்று காலை, முதல் ஷிப்டுக்குக் கிளம்பிய சங்கரலிங்கம் வாசலில் நின்று சொன்னார்: "மொதல்ல உண்மையச் சொல்லு. பொறவு சோறு போடு. மாத்திச் செஞ்சிராத."

ஆர்ச் கேட் பஸ் நிறுத்தத்தில் அவரை அழைத்துக்கொள்ள அவள் சடையப்பனின் ஆட்டோவில் போனாள். சடையப்பனுக்கு அறுபதை நெருங்கும் வயது. சுற்றுவட்டார ஊர்க்காரர். வாலிபத்தில் சுரங்கத்துக்காக ஊரைக் காலி செய்துவிட்டுப் போனவர்களில் ஒருவர். பல வருஷம் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலையில் இருந்துவிட்டு ஆட்டோ வாங்கியவர். எட்டு வருஷமாக அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுவது அவர்தான்.

வழியெல்லாம் திலகவதி வாக்கியங்களைத் தயார் செய்தாள்.

'ஐயா, கதை என்பது' — வகுப்பு எடுப்பதுபோல இருக்கிறது.

'உங்களுக்கு ஒரு வருத்தமான செய்தி' — யாரோ செத்துப்போனதுபோல.

'நான் உங்களை' —

பஸ் வந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடி போட்ட, மெலிந்த, உயரமான மனிதர் இறங்கினார். வெள்ளைச் சட்டை, கீழே கட்டம் போட்ட லுங்கி. ரோட்டோரத்துச் செம்மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் சொன்னார்:

"மண்ணு செவப்பா இருக்கும்னு எங்கப்பா சொல்லுவாரு. இருக்குது."

தயார் செய்து வைத்திருந்த மூன்று வாக்கியமும் போன இடம் தெரியவில்லை.

ஆட்டோவில் ஏறியதும் அவர் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். போன்ல கேக்க முடியல. எங்க பூட்டி, அதான் நல்லசாமி பொஞ்சாதி, சாகும்போது மகளக் கிட்ட கூப்பிட்டு, 'பாப்பா எம்பேரு இல்ல'ன்னு சொல்லிச்சாம். அதுக்கு மேல பேச்சு வரல. நாலு தலமொறையா இது வீட்டுக்குள்ளயே இருக்கற பேச்சு. வெளியாளு யாருக்கும் தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிச்சி? எங்கயோ ரிக்கார்டுல பாத்திருக்கீங்க. அவங்க நெசப்பேரு என்ன?"

(இந்த இடத்தில் வாசகருக்குச் சந்தேகம் வரும். அவள் கற்பனை செய்ததும் அவர் வீட்டில் நடந்ததும் எப்படி ஒன்றாக இருக்கும்? திலகவதியும் இதை அடித்து எழுதிப் பார்த்தாள். வேறு மாதிரி எழுதினால் நம்பும்படி இருந்தது, ஆனால் அவர் சொன்னது இதுதான். பெண்டாட்டி இருந்தால்தான் கப்பல் என்று ஒரு அரசாங்கம் சட்டம் போட்டால், எத்தனை கொட்டடியில் எத்தனை பாப்பாக்கள் உண்டாகியிருப்பார்கள்! அவள் யாரையும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. கூட்டத்தில் கல் எறிந்தாள், ஒருவர் மேல் பட்டுவிட்டது.)

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் முன்பக்கம் குனிந்து சடையப்பனைக் கேட்டார்: "தம்பி, நீங்க இந்தப் பக்கந்தானே? தும்பைமேடு தெரியுமா?"

ஆட்டோவின் முன்கண்ணாடியில் சடையப்பனின் கண் ஒரு கணம் திலகவதியைப் பார்த்தது.

"ஏன் தெரியாம? தெரியுங்க" என்றார் சடையப்பன்.

5

மண்மலை தெரியும் ஒரு வளைவில் ஆட்டோவை ஓரங்கட்டினார். தூரத்தில் வெட்டியெடுத்த மண் அடுக்கடுக்காக மலையாகக் கிடந்தது. அதற்கு அப்பால் பள்ளம். கன்வேயர் பெல்ட்டின் இரைச்சல் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. சடையப்பன் கையை நீட்டினார்.

"அதோ, அந்த மேட்டுக்கு அந்தாண்ட. ரெண்டு தெருங்க. மூணு கெணறு. ரெண்டு உப்புத் தண்ணி. ஒண்ணுதான் நல்ல தண்ணி, அது மேலத்தெருவுல. எங்க தெருவுலருந்து போயி மொண்டுகினு வர முடியாது. அவங்களா பாத்து ஊத்துவாங்க. ஊத்தறவங்க வர்ற வரிக்கும் கொடத்த வச்சிகினு நின்னுகினு இருக்கணும்."

கோபாலகிருஷ்ணன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நெலம்?"

"நெலம் ஏதுங்க? முந்திரித் தோப்புல வேல. பலாக்கா சொமக்கறது. ஊரு ஒண்ணும் சொர்க்கம் இல்லீங்க. சுடுகாட்டுக்குப் போற பாதைக்கு மூணு வருசம் சண்ட நடந்திச்சி. எங்க சித்தப்பாருக்கு அதுல கை ஒடஞ்சிது."

கோபாலகிருஷ்ணன் திலகவதி பக்கம் திரும்பினார். "அதனாலதான் எங்க பாட்டன் போயிருக்காரு" என்றார். "நாங்க இவ்ளோ நாளா ஆசையில போனாருன்னு நெனச்சிக்கிட்டு இருந்தோம். பன்னெண்டு ஏக்கருக்கு ஆசைப்பட்டு போயி ஏமாந்துட்டாருன்னு. போனப்ப அங்க நெலமே இல்ல தங்கச்சி. ஆளுயரத்துக்குக் கோரப்புல்லு, முட்டிவரைக்கும் தண்ணி. மாடு வரல. கூட வந்த பாதிப்பேரு ரங்கூன் மில்லுக்கு ஓடிட்டாங்க. இவரு ஓடல. ஏன் ஓடலன்னு எங்களுக்குத் தெரியாது. இப்ப தெரியுது. குடிக்கற தண்ணிய அங்க அவரே மொண்டுக்கலாம், இல்ல?"

அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுக்கப் போனார். சடையப்பன் தடுத்தார்.

"அத எடுக்காதீங்க. அது அடிமண்ணுங்க. நூறடி ஆழத்துலருந்து வந்தது. அதுல யாரும் நடந்ததில்ல."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

குவார்ட்டர்ஸ் வாசலில் அவரை உள்ளே அனுப்பிவிட்டு, திலகவதி ஆட்டோவிடம் திரும்பி வந்தாள். அவளுக்குக் கோபமா, பயமா என்று தெரியவில்லை.

"ஏன் அப்படிச் சொன்னீங்க? தும்பைமேடுன்னு ஒரு ஊரே கெடையாது. அது நான் கதைக்கு எழுதினது."

"தெரியும் டீச்சர். நான் பொறந்து வளந்த பக்கம், எனக்குத் தெரியாத ஊரா?"

"பின்ன?"

"எங்க ஊரத்தான் சொன்னேன். பேரு மட்டும் உங்குளுது." சடையப்பன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஊரு போயி நாப்பது வருசம் ஆவுது. அத இன்னான்னு கேட்டுகினு ஒருத்தன் இன்னிக்கித்தான் வந்தான். பேரு தப்பா இருந்தா இருந்துட்டுப் போவுதுன்னு சொல்லிட்டேன்."

6

சங்கரலிங்கம் ஷிப்ட் முடிந்து வந்தார். சாப்பாடு போட்டாகிவிட்டது. வத்தக்குழம்பு, அப்பளம். "எல்லாம் பாத்தாச்சா அண்ணாச்சி?" என்று அவர் கேட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். மாத்திச் செய்துவிட்டாள் என்று அவருக்குப் புரிந்தது.

திலகவதி குழம்புக் கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். சொன்னாள். தும்பைமேடு இல்லை என்றாள். நல்லசாமி, பாப்பா என்ற பேர்கள் அவள் வைத்தவை, தற்செயலாகப் பொருந்திவிட்டன என்றாள். கிணறு மூன்றும் உண்மை, அவை சடையப்பனின் ஊர்க் கிணறுகள் என்றாள். ரெக்கார்டு எதுவும் அவளிடம் இல்லை, பெண்ணின் பேர் தெரியாது என்றாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, எல்லாம் சொல்ல இரண்டு நிமிஷம்தான் ஆயிற்று.

கோபாலகிருஷ்ணனின் கை சோற்றில் நின்றது.

"அப்ப எங்க பூட்டி சொன்னது பொய்யா?"

"இல்லீங்க ஐயா. அது நெசம். நான் எழுதினதுதான் பொய்."

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

அவர் தட்டிலிருந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நீங்க கத எழுதிட்டு அடுத்த கதைக்குப் போயிடுவீங்க. நாங்க அத சாமி மாதிரி வச்சிக் கும்பிட்டோம். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல? கல்லு வெட்டறதுக்கு முன்னால?"

"சொல்லியிருக்கணும்."

அவர் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவினார். சங்கரலிங்கமும் எழுந்துவிட்டார், விருந்தாளி எழுந்தபின் உட்கார்ந்து தின்ன அவருக்கு மனசு வரவில்லை. கோபாலகிருஷ்ணன் வாசல் படியில் போய் உட்கார்ந்தார். அரை மணி நேரம். உள்ளே மூன்று தட்டிலும் சோறு காய்ந்தது.

பிறகு திரும்பாமலே கேட்டார்: "அந்த ஆட்டோக்காரரு ஊரு. அது பேரு என்ன?"

திலகவதிக்குத் தெரியவில்லை. எட்டு வருஷம் அவர் ஆட்டோவில் போய் வந்திருக்கிறாள். சுரங்கத்துக்குள் போன ஊர் என்று கதையில் எழுதும்போது சடையப்பன் முகம்கூட மனசில் வந்து போயிற்று. ஊரின் பேரைக் கேட்கத் தோன்றவில்லை.

(கதையில் இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு முறை இந்தப் பத்தியை எடுத்தாள். இரண்டு முறையும் திரும்ப வைத்தாள்.)

மறுபடியும் ஆட்டோ வந்தது. கோபாலகிருஷ்ணன் தானே கேட்டார். சடையப்பன் சொன்னார். அவர் அதைக் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை மாதிரி இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அந்தப் பேரைத் திலகவதி இங்கே எழுதப்போவதில்லை. எழுதக் கூடாது என்று சடையப்பன் சொல்லவில்லை. அவள் எழுதிய பேரை இனி யாரும் கல்லில் வெட்டிவிடக் கூடாது, அவ்வளவுதான். வேண்டியவர்கள் சடையப்பனைக் கேட்டுக்கொள்ளலாம். அவர் சொல்வார்.

ஆர்ச் கேட்டில் சென்னை பஸ் நின்றது. கோபாலகிருஷ்ணன் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொன்னார்:

"இத நான் போயி சொல்ல மாட்டேன். என்னால முடியாது. நீங்க எழுதுங்க. கதையா எழுதிப் பொய்யச் சொன்னீங்க இல்ல? உண்மையும் கதையாவே எழுதுங்க. அனுப்புங்க. புவனா கோயில்ல வச்சிப் படிப்பா. எல்லாரும் கேக்கட்டும்."

7

ஆக, இது அந்தக் கதை.

முடிவு மூன்று விதமாக எழுதப்பட்டது. முதலாவதில் ஊரார் கல்லைப் பெயர்த்தெடுத்தார்கள். படிக்க நன்றாக இருந்தது, ஆனால் அதில் திலகவதிக்குத் தண்டனை கிடைத்த திருப்திதான் தெரிந்தது. இரண்டாவதில் தும்பைமேடு என்ற பேரைக் கல்லில் அப்படியே வைத்துக்கொண்டார்கள், ஊர் என்பது நம்புவதுதானே என்று ஒரு பெரியவர் பேசினார். அந்தப் பெரியவர் திலகவதிக்கு ரொம்பவும் வசதியான பெரியவராக இருந்தார். மூன்றாவதில் சடையப்பனின் ஊர்ப்பேரைக் கல்லில் வெட்டினார்கள். ஒரு பொய்யை இன்னொருவர் வீட்டால் அடைப்பது எந்த நியாயம்? மூன்றையும் அடித்தாயிற்று.

சங்கரலிங்கம் படித்துவிட்டு, "முடிவே இல்லையே?" என்றார்.

"அது என்கிட்ட இல்ல" என்றாள் திலகவதி.

நூற்று நாற்பது வருஷத்துக்கு முன் ஒரு அரசாங்கம் குடும்பங்களை உண்டாக்கப் பார்த்தது. ஊர்களை உண்டாக்கப் பார்த்தது. காகிதத்தில் ஆளைச் சேர்த்து எழுதினால் குடும்பம், நிலத்தில் கோடு போட்டால் கிராமம். காகிதத்தில் எழுதியதில் பாதி கரைந்து போயிற்று. மீதிப் பாதி நாற்பது வீடாக உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவர்களை அந்தக் குமாஸ்தாவும் உண்டாக்கவில்லை, திலகவதியும் உண்டாக்கவில்லை. கோரைப்புல்லில் இறங்கி நின்ற ஒருத்தி உண்டாக்கினாள். அவள் பேர் —

இங்கே நிறுத்து, புவனா. அடுத்த பக்கம் இல்லை. காகிதத்தை மடித்துக் கீழே வைத்துவிட்டு உன் எதிரில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார். யாராவது ஒருத்தர் பேச வாயெடுத்திருப்பார்.